வட சென்னைப் பெண்களுக்கு லாரி, பஸ், ரயில், துறைமுக வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி ஆபீசில் டியூட்டி சார்ட் போடுகிற வேலை எனக்கு. எந்த வண்டிக்கு யார், எந்த டிரிப், எத்தனை மணிக்கு கேட் என்று தினமும் எழுத வேண்டும். அதனாலேயே தெருவில் பிளஸ் டூ முடித்த பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள், சில நேரம் வேறு கம்பெனி முதலாளிகள் என்று எல்லோரும் திரும்பத் திரும்ப இந்த வண்டி வேலைகளைப் பற்றியே கேட்கிறார்கள். வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன். முதல் பாதி வேலையில் சேர்வதைப் பற்றி. சேர்ந்த பிறகு மேலே போவதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, அந்தக் கேள்விகளை நானாகத்தான் சேர்த்திருக்கிறேன்.

டிரைவர் வேலை மட்டும்தானாக்கா? வேற எதுவும் இல்லையா?

டிரைவர் கண்ணுக்குத் தெரிகிறார், அவ்வளவுதான். நம் ஏரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்தில் மின்சார ரயில் எஞ்சின்களைப் பராமரிக்கிற லோகோ ஷெட், தண்டையார்பேட்டையில் டீசல் ஷெட், பேசின் பிரிட்ஜில் ரயில் பெட்டிகளைச் சரிபார்க்கிற யார்டு, பெரம்பூரில் கேரேஜ் ஒர்க்ஸ், அந்தப் பக்கம் 1955ல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை, கடலோரம் சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கும் மேலே காட்டுப்பள்ளித் துறைமுகம், நடுவில் மணலி, மாதவரம் பக்கமெல்லாம் கன்டெய்னர் யார்டு, எம்.டி.சி. (மாநகர் போக்குவரத்துக் கழகம்) டெப்போக்கள், விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ. இத்தனை இடத்திலும் ஃபிட்டர் வேண்டும், எலக்ட்ரீஷியன் வேண்டும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் வேண்டும், எடைமேடையில் ஆள் வேண்டும், ஸ்டோர்ஸ், கஸ்டம்ஸ் பேப்பர், டைம் கீப்பர், டிஸ்பாட்ச், சூப்பர்வைசர் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் பெண் என்றால் பில் போடுகிற கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார வைப்பார்கள். கிடைத்தால் சேருங்கள், தப்பில்லை. சேர்ந்த பிறகு யார்டு பக்கமும் போய் வாருங்கள், சீட்டிலேயே இருந்தால் சீட்டோடு சரி.

ஹெவி லைசென்ஸ் எடுக்க எவ்வளவு காலம் ஆகும்?

18 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும், அதோடு கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருந்தால்தான் அதற்கான எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைக்கும். ஆகவே ஹெவி எடுப்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்கூட கார் லைசென்ஸை 18லேயே எடுத்துவிடுங்கள், ஒரு வருடம் தானாகவே ஓடிவிடும். முன்பு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது, 2019ல் அதை எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட இலகுரகப் போக்குவரத்து வாகனத்தைத் தனியாக அனுமதி வாங்காமலே ஓட்டலாம். சின்ன யானை (டாடா ஏஸ்) மாதிரி வண்டிகளுக்கெல்லாம் இதில் வழி இருக்கிறது. மணலி பக்கம் பெட்ரோல், கெமிக்கல் டேங்கர் ஓட்ட நினைத்தால் கதை வேறு. ஆபத்தான சரக்கு ஏற்ற 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிய வேண்டும், ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் படிக்க எழுதத் தெரிந்திருக்க வேண்டும். டேங்கர் மேல் ஒட்டியிருக்கிற எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று எண்ணூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கும்மிடிப்பூண்டியில் டிரெயினிங் இருக்காமே?

இருக்கிறது. சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பிரிவு. நம் பக்கத்திலிருந்து புறநகர் ரயிலிலேயே போய் வரலாம்.

பொம்பளைக்கு அந்த ஸ்டியரிங்கைத் திருப்ப பலம் இருக்குமா?

பவர் ஸ்டியரிங் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. இதைக் கேட்பவர் லாரியில் ஏறியே இருக்கமாட்டார். வண்டியில் கஷ்டமான வேலை ரிவர்ஸ். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது பெட்டி இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும், ஒடித்த உடனே திரும்பப் பிடிக்க வேண்டும், ஒரு நொடி தாமதித்தால் வண்டி கத்தி மாதிரி மடிந்து நிற்கும். எங்கள் யார்டில் ஒரு பெண் இதை ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினாள். ரிட்டயர் ஆகப்போகிற டிரைவர் ஒருவர் கீழே நின்று “ஒடி… ஒடி… போதும்மா, நேர் பண்ணு” என்று கத்திக்கொண்டே இருப்பார். அவளுக்குக் கை வலிக்கவில்லை, கழுத்துதான் வலித்தது, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து. இதற்கு வேண்டியது காலி யார்டு, டீசல், பொறுமையான ஒரு ஆள். ஆண் கிளீனர்களுக்கு இந்த மூன்றும் கேட்காமலே கிடைக்கிறது. முதலாளி சாப்பிடப் போனதும் “டேய், வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டு” என்று சாவியைத் தூக்கிப் போடுவார்களே, அதுதான் அவர்களுடைய டிரைவிங் ஸ்கூல். பெண்ணிடம் யாரும் அப்படிச் சாவியைத் தூக்கிப் போடுவதில்லை.

அரசு பஸ்ஸில் சேர முடியுமா?

முடியும், கதவு திறந்து பல காலம் ஆகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993லேயே அரசு பஸ் டிரைவர் ஆனார், ஆசியாவில் முதல் பெண் என்று சொல்லப்படுபவர். 30 வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு பெண் ஸ்டியரிங் பிடித்தால் இன்னும் போட்டோ எடுக்க ஆள் வருகிறது, அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச்சில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 டிரைவர் கம் கண்டக்டர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டன. பத்தாம் வகுப்பு, குறைந்தது 24 வயது, ஹெவி லைசென்ஸ், கண்டக்டர் லைசென்ஸ், முதலுதவிச் சான்று, அதற்கு மேல் 18 மாத ஹெவி ஓட்டிய அனுபவம். பெண்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி வரியில்தான். ஹெவி வண்டியை யாராவது 18 மாதம் கையில் கொடுத்தால்தானே அனுபவம்? ஆகவே அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். கம்பெனி பஸ், வாட்டர் லாரி எதிலாவது ஏறி ஓட்ட ஆரம்பித்து, ஒவ்வொரு மாதமும் முதலாளியிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். வேலை விட்டு மூன்று வருடம் கழித்துப் போய் சர்டிபிகேட் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

உயரம் பற்றியும் கேட்கிறார்கள். பெண் கண்டக்டர்களுக்கான குறைந்தபட்ச உயரத்தை 2024ல் 160லிருந்து 150 சென்டிமீட்டராகக் குறைத்தார்கள். நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேரைப் பழைய விதி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

வியாசர்பாடியில் ஓடுகிற எலக்ட்ரிக் பஸ்?

2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 எலக்ட்ரிக் பஸ் விட்டார்கள். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, எஞ்சின் சூடு கிடையாது. டிரைவர் மட்டும் தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், கண்டக்டர் எம்.டி.சி. ஒப்பந்தத்தில் சேர்வதாக இருந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, எத்தனை மணி நேர டியூட்டி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அரசு பஸ் ஓட்டுகிறோம் என்பதால் அரசு வேலை ஆகிவிடாது.

ரயில் ஓட்ட ஆசை. என்ன படிக்கணும்?

பத்தாவதோடு ஐ.டி.ஐ., அல்லது டிப்ளமோ. ரயில் ஓட்டுநருக்கு உதவியாளராகச் சேர்கிற அசிஸ்டன்ட் லோகோ பைலட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இரண்டு கட்டக் கணினித் தேர்வுக்கு அப்புறம் ஒரு திறன் சோதனை இருக்கிறது, அதில் ஒவ்வொரு பிரிவிலும் 42 எடுக்க வேண்டும், இட ஒதுக்கீட்டில் வருபவர்களுக்கும் தளர்வு கிடையாது. நிறையப் பேர் அங்கே விழுகிறார்கள். அதைவிட முக்கியம் கண். கண்ணாடி போட்டவர்களை எடுக்கமாட்டார்கள், லேசர் அறுவை செய்துகொண்டாலும் மருத்துவத்தில் நிறுத்திவிடுவார்கள். மூன்று வருடம் படித்துவிட்டு இதைத் தெரிந்துகொண்டு அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன், அதனால் முதலில் ஒரு கண் டாக்டரிடம் போய்விட்டு அப்புறம் புத்தகம் வாங்குங்கள்.

ஐ.டி.ஐ. என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு ஐ.டி.ஐ.யிலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் முடித்தால் ஐ.சி.எஃப்.பில் அப்ரண்டிஸ் போடலாம், லோகோ ஷெட்டுக்கும் அதே படிப்புதான்.

மகாராஷ்டிரத்துச் சுரேகா யாதவ் 1980களில் ரயில்வேயில் சேர்ந்து ஆசியாவின் முதல் பெண் லோகோ பைலட் ஆனவர், 2023ல் வந்தே பாரத் ரயிலையும் ஓட்டினார். அவர் சேர்ந்த காலத்தில் எஞ்சினில் கழிவறை கிடையாது. இப்போதும் எல்லா எஞ்சினிலும் வந்துவிடவில்லை.

மெட்ரோவில்?

2015 ஜூன் 29 அன்று சென்னை மெட்ரோ தொடங்கியபோது முதல் ரயிலை ஓட்டியவர் ப்ரீத்தி என்ற பெண். ஆனால் மாதவரத்திலிருந்து வரப்போகிற இரண்டாம் கட்டம் டிரைவர் இல்லாத ரயில். அதனால் இப்போது படிக்கிற பெண்கள் கன்ட்ரோல் ரூம், சிக்னல், டெப்போ பராமரிப்பு பக்கம் கண் வைப்பது நல்லது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வீணாகாது.

பிங்க் ஆட்டோ எப்படி?

2025 மார்ச் 8 அன்று சென்னையில் தொடங்கினார்கள். ஒரு லட்ச ரூபாய் மானியம், மீதி வங்கிக் கடன். வயது 25 முதல் 45, சென்னையில் குடியிருக்க வேண்டும், லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. சமூக நலத்துறையில் விண்ணப்பிக்கணும். வண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டு ஆம்பளை ஓட்டினால் பறிமுதல் என்று எச்சரிக்கையும் வந்தது, வாங்கும் முன் வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கும், காரணம் டியூட்டி சார்ட்டை நீங்களே போடுகிறீர்கள். பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு ஒன்பதுக்கு ஸ்டாண்டுக்குப் போகலாம். மாதத் தவணை மட்டும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நிற்காது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுறதெல்லாம் நமக்கு நடக்குமா?

கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தில் யார்டு கிரேனைப் பெண்கள் இயக்குகிறார்கள், அந்தப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண்களும் அதில் உண்டு. கிரேன் மேல் ஏறக்கூட வேண்டாம், கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே கன்டெய்னரை நகர்த்துவது. காசிமேட்டுப் பெண்ணுக்கு அது ஏன் முடியாது? துறைமுகங்களைச் சுற்றி இருக்கிற எங்கள் மாதிரிக் கம்பெனிகள் பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது ஒரு பெண் பெயரையும் எழுதினால்தான் அது நடக்கும். எழுதுவதில்லை.

கழிவறைப் பிரச்சினை உண்மைதானா, பெருசு பண்றாங்களா?

உண்மை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்கு வண்டி வரிசை நிற்கும்போது மணிக்கணக்காகும். ஆண்கள் டயர் மறைவில் போய்விட்டு வந்துவிடுவார்கள். பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிக்கமாட்டாள். சென்னை வெயிலில், கேபினுக்குள், காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். அப்புறம் நீர்க்கடுப்பு, கல், ஆஸ்பத்திரி, “உடம்பு ஒத்துக்கலை” என்று வேலையை விடுவது. டெர்மினஸிலும் இதே கதைதான்: கழிவறை இருக்கும், பூட்டியிருக்கும், சாவி டைம் கீப்பரிடம் இருக்கும், அவர் டீ குடிக்கப் போயிருப்பார், கண்டக்டரம்மா எல்லார் முன்னாலும் சாவி கேட்டு நிற்க வேண்டும்.

கோடி ரூபாய் வேண்டாம் இதற்கு. சாவியில் ஒரு நகல் போட்டு டியூட்டியில் இருக்கிற பெண்களிடம் கொடுங்கள். வழியில் இருக்கிற பெட்ரோல் பங்க்குகளில் எது சுத்தமாக இருக்கிறது என்று பார்த்து டிரிப் ஷீட்டிலேயே எழுதுங்கள். எங்கள் ஆபீசில் அதை எழுத ஆரம்பித்ததும் முதலில் நன்றி சொன்னது சர்க்கரை வியாதி உள்ள ஆண் டிரைவர்கள்தான். 1961ல் போட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை வேண்டும் என்று சொன்னது, அதனால் நாம் ஏதோ புதுசாகக் கேட்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நைட் டியூட்டி போடலாமா?

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி இரவு 7க்கு மேலும் காலை 6க்கு முன்பும் பெண்ணின் சம்மதத்தோடு, பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போடலாம். சம்மதம் என்றால் கேட்டு வாங்குவது. நடுராத்திரி 2 மணிக்கு டியூட்டி முடிந்து மணலி சந்திப்பில் இறக்கிவிட்டுப் போனால் அது பாதுகாப்பு ஆகாது. நிறையப் பெண்கள் பயப்படுவது வண்டி ஓட்டுவதற்கு இல்லை, முதல் பஸ் வருவதற்கு முன்னால் டெப்போவுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதற்குத்தான்.

யாராவது தொல்லை கொடுத்தால்?

2013ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், தலைமை பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். ஒப்பந்தத் தொழிலாளி, அப்ரண்டிஸ், டிரெய்னி எல்லாரும் புகார் கொடுக்கலாம். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் சட்டப்படி பணியிடம்தான். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். சின்ன லாரி ஆபீஸ், குழுவே இல்லை என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் கலெக்டர் ஆபீசில் போய்க் கேளுங்கள். அவசரமென்றால் பெண்கள் உதவி எண் 181. ஒன்று மட்டும் சொல்கிறேன்: புகார் கொடுத்த பெண்ணைப் “பாதுகாப்புக்காக” வேறு ரூட்டுக்கு மாற்றினால் அது தண்டனை, மாற்ற வேண்டியது அந்த ஆளை.

“பொண்ணுங்களை எடுத்துப் பழக்கினா கல்யாணம், பிரசவம்னு போயிடறாங்களே?” (முதலாளிகள் கேட்பது)

ஆண் டிரைவர் பக்கத்துக் கம்பெனியில் பேட்டா 100 ரூபாய் அதிகம் என்றால் சொல்லாமலே போகிறார், அதற்காக ஆண்களை எடுப்பதை நிறுத்திவிட்டீர்களா? முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்து இ.எஸ்.ஐ. கட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.தான் கொடுக்கும், உங்கள் பையிலிருந்து போவதில்லை. இ.எஸ்.ஐ. கட்டாமல் மிச்சம் பிடித்துவிட்டு அப்புறம் பிரசவச் செலவு என்று புலம்புபவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

திரும்பி வருகிற பெண்ணை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பால் கொடுக்கிற அம்மாவை உடனே பெங்களூர் டிரிப்புக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவாள். கொஞ்ச காலம் யார்டு ஷன்டிங் (யார்டுக்குள்ளேயே வண்டியை நகர்த்துவது), டிஸ்பாட்ச், பகல் டியூட்டி என்று கொடுத்து, முன்பு பார்த்த அதே வேலைக்கு எப்போது திரும்புகிறாள் என்று ஒரு தேதியையும் பேசி வையுங்கள். தேதி பேசாவிட்டால் அந்தத் தற்காலிகம் அப்படியே நின்றுவிடும்.

பத்து வருஷம் ஆச்சு, அதே சீட்டில் இருக்கேன். ஏன்?

யாரும் கேட்காத கேள்வி என்று சொன்னேனே, இதுதான். டியூட்டி சார்ட் போடுகிறவள் என்பதால் எனக்குக் காரணம் தெரியும். “பாவம், பொம்பளைப் பிள்ளை, தூரம் வேண்டாம்” என்று பெண் டிரைவருக்கு எப்போதும் யார்டுக்குள் ஷன்டிங், மிஞ்சிப்போனால் மாதவரம் வரை. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் தூர டிரிப்பில்தான் பேட்டா, அதில்தான் பிரேக்டவுன், செக்போஸ்ட், பார்ட்டியோடு வாக்குவாதம், எல்லாம் கற்றுக்கொள்வது. சூப்பர்வைசர் இடம் காலியானால் முதல் கேள்வி “லாங் போயிருக்கியா?” போகவில்லை. அனுப்பவில்லை என்று யார் சொல்வது? மெக்கானிக் பகுதியிலும் அப்படித்தான், கிரீஸ் கையில் படாத வேலையாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, எஞ்சின் இறக்கத் தெரியாது என்று ஃபோர்மேன் பதவியை மறுப்பார்கள்.

இதற்கு மருந்து சார்ட்டில்தான் இருக்கிறது. தூர டிரிப்பை வரிசைப்படி சுழற்சியில் போட்டு, வரிசையை எல்லார் கண்ணிலும் படும்படி போர்டில் ஒட்டுங்கள். வேண்டாம் என்றால் அவளே சொல்லட்டும், அவளுக்காக நீங்கள் சொல்லாதீர்கள். போன மாதம் வேண்டாம் என்றவளை இந்த மாதமும் கேளுங்கள், வீட்டு நிலைமை மாறியிருக்கும். சூப்பர்வைசர் லீவு போடும் நாளில் பொறுப்பை ஒரு பெண்ணிடம் கொடுங்கள், அதை எழுத்திலும் பதியுங்கள். பதியாத பொறுப்பு பதவி உயர்வு நேரத்தில் கணக்கில் வராது.

பெண்களுக்கும் ஒன்று: சும்மா இருந்தால் சார்ட் மாறாது. “அண்ணே, அடுத்த ஸ்ரீபெரும்புதூர் லோடுக்கு என் பேரைப் போடுங்க” என்று வாயைத் திறந்து கேளுங்கள். இரண்டு தடவை கேட்டும் போடவில்லை என்றால் மூன்றாவது தடவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதிவு இருக்கும்.

சங்கத்தில் சேரலாமா?

சேருங்கள். கூட்டத்துக்கும் போங்கள். போகாத உறுப்பினரின் கழிவறை கோரிக்கை பட்டியலில் கடைசியாகத்தான் வரும்.

எனக்கு 42 வயசு, எட்டாவதுகூட முடிக்கலை. இனிமே என்ன?

கார் லைசென்ஸ் எடுக்கப் படிப்பு தடையில்லை. சின்ன சரக்கு வண்டி, பிங்க் ஆட்டோ இரண்டுக்கும் உங்களுக்கு வழி இருக்கிறது, ஆட்டோ திட்டத்துக்கு மட்டும் 45க்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். வயது 40 தாண்டியதால் எல்.எல்.ஆருக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ கேட்பார்கள். அதை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போங்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கிற புரோக்கரிடம் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.